கறிவேப்பிலைப் புழு: கேட்டவை, சொன்னவை

கேள்வி: கறிவேப்பிலைச் செடியில் குருவி எச்சம் ஒட்டியிருந்தது. குச்சியால் தள்ளினால் நெளிகிறது! என்ன இது?

பதில்: எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. கரும்பழுப்பு உடம்பு, நடுவே வெள்ளைத் திட்டு, மேலே ஈரப் பளபளப்பு. எச்சத்தைக் கொத்த எந்தக் குருவி வரும்? அதனால்தான் பகலிலும் இலைமேல் பயமில்லாமல் கிடக்கிறது. ஒரு தோல் உரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்டது ஒரு பருவம்; நான்கு பருவம் வரை இந்த வேஷம். ஐந்தாவதில் ஏறத்தாழ 4 செ.மீ. வளர்ந்துவிடும், அவ்வளவு பெரிய எச்சம் யாரையும் ஏமாற்றாது. தோல் உரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். இளம்பருவ ஹார்மோன் குறைவதே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று இதன் நெருங்கிய இனம் ஒன்றை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

கேள்வி: தொட்டதும் கொம்பு நீட்டியது. விஷமா?

பதில்: இல்லை, கொட்டாது. தலைக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் கவைச் சுரப்பி அது, கவண்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். புழு தன் உடல் திரவத்தை அழுத்தி அதை வெளியே பிதுக்குகிறது. விரலில் பட்டால் நாற்றம், சோப்புப் போட்டால் போய்விடும்.

கேள்வி: சிவப்புக் கொம்பு விஷமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: அந்த நாற்றத்துக்குப் பறவை ஓடிவிடும் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: எறும்பும் சிறு சிலந்தியும் ஓடும். பறவைக்கு அவ்வளவாகப் பலிக்காது.

மறுப்பு: அப்படியானால் கொம்பு எதற்கு? தையல்சிட்டு தூக்கிப் போனதை நானே பார்த்தேன்!

பதில்: நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். சின்னப் புழுவைக் கடிக்க வருவதில் எறும்புதான் முக்கியமான ஆள். பறவைக்கு வேஷம், எறும்புக்கு நாற்றம். சிறுவயதில் செடிகளின் நறுமண எண்ணெய் போன்ற வாடை; பச்சைப் புழுவானதும் ஐசோபியூட்ரிக் அமிலம் போன்ற காரமான அமிலங்கள். புழுவில் முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவிகள் பல இதையும் தாண்டிவிடுகின்றன.

இன்னொருவர்: சிட்டு தூக்கியது பச்சைப் புழுவா, எச்சப் புழுவா?

பதில்: நல்ல கேள்வி, அவரே சொல்லட்டும். பச்சை என்றால் வியப்பில்லை.

கேள்வி: ரோஜாவில் அசுவினி. என்ன செய்ய?

பதில்: தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கறிவேப்பிலையில் புழு. எந்த மருந்து?

பதில்: மருந்தே வேண்டாம். கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள், கறிவேப்பிலையோ நாரத்தையோ. வேப்ப மரத்தில் விடாதீர்கள், பட்டினி கிடக்கும்.

கேள்வி: கொம்பு குத்துமா?

பதில்: குத்தாது.