தூரத்து அநீதிக்கு எதற்குக் கொடி? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பரை ஒரு வெள்ளை போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றார். உடனே சம்பந்தமில்லாத நாடுகளிலும் ஊர்வலங்கள். லண்டனில் கத்தினால் மினியாபோலிஸ் போலீஸுக்குக் கேட்குமா? சொந்த நாட்டு இனவெறியைக் கண்டும் காணாமல் இருப்பவர்கள்தான் அடுத்த நாட்டுக்காக அதிகம் கொதிக்கிறார்கள். சர்வதேச ஒருமைப்பாடு என்பது செலவில்லாமல் நல்ல பெயர் வாங்கும் வழிதானே?

க.

அன்புள்ள க.,

நல்ல பெயருக்காக வருகிறவர்கள் எல்லா ஊர்வலத்திலும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் சொந்த நாட்டைப் பற்றிய உங்கள் குற்றச்சாட்டைப் போராட்டத்துக்குள் இருந்தவர்களே உங்களுக்கு வெகுகாலம் முன்பு எழுப்பிவிட்டார்கள்.

1981ல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்துக்கு வந்தது. கறுப்பர்களைச் சட்டம் போட்டு ஒதுக்கிவைத்த நிறவெறி அரசின் அணியோடு ஆடக் கூடாது என்று ஒரு பக்கம், விளையாட்டில் அரசியல் எதற்கு என்று மறுபக்கம். 56 நாள் நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. சுமார் 30 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் போராட்டங்களில் கலந்துகொண்டார்கள். ஹாமில்டனில் வேலியைப் பிய்த்துக்கொண்டு மைதானத்தில் இறங்கி ஆட்டத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். அப்போதுதான் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்களோடு நடந்த வெள்ளையர்களைக் கேட்டார்கள்: கடலுக்கு அப்பால் இருக்கும் கறுப்பர்களுக்காகத் தடியடி வாங்குகிறீர்கள், சரி, இங்கே எங்கள் நிலம் போனபோது எங்கே இருந்தீர்கள்? அதற்கு மூன்று வருடம் முன்புதான் ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயிண்டில், தங்கள் நிலத்தை விட மறுத்து 506 நாள் அங்கேயே தங்கிப் போராடிய மாவோரிகளை அரசு அப்புறப்படுத்தி, 222 பேரைக் கைது செய்திருந்தது.

கேட்டவர்கள் ஊர்வலத்தை விட்டு விலகிவிடவில்லை. கேட்டபடியே முன்வரிசையில் நின்றார்கள். உங்கள் வாதத்துக்கும் அவர்கள் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நீங்கள் இங்கே பேசாதவன் அங்கேயும் பேசாதே என்கிறீர்கள். அவர்கள் அங்கே பேசினாய், இங்கேயும் பேசு என்றார்கள். தென்னாப்பிரிக்கப் பேச்சு இல்லாமல் அந்தக் கேள்வியை அத்தனை வெள்ளையர்கள் காதில் போட்டிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

2020 ஊர்வலங்களையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்தவர்கள் ஃபிளாய்டுக்காக மட்டும் நடக்கவில்லை. காவலில் இறந்த பூர்வகுடிகளின் பெயர்களையும் ஏந்தி வந்தார்கள். 2015ல் சிட்னிச் சிறையில் காவலர்கள் அமுக்கிப் பிடித்திருக்க, மூச்சு விட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லி இறந்தவர் அவர்களில் ஒருவர். அவர்களைப் போய், சொந்த நாட்டைப் பார் என்று சொல்வீர்களா?

அடுத்து, காதில் விழுமா என்ற கேள்வி. 1984 ஜூலையில் அயர்லாந்தின் டப்ளினில் மேரி மேனிங் என்ற 21 வயதுக் கடைக் காசாளர், தென்னாப்பிரிக்க கிரேப்ஃப்ரூட்டுக்கு பில் போட மாட்டேன் என்றார். தொழிற்சங்க முடிவு அப்படி. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், கூட வேலை பார்த்தவர்களும் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தார்கள். நிறவெறி ஆட்சி பற்றி அவர்களுக்கு ஆரம்பத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்க அகதி மறியலில் வந்து நின்று பாடம் நடத்தினார். (எல்லாம் தெரிந்த பிறகுதான் கொடி பிடிக்க வேண்டும் என்பவர்களிடம் நான் அடிக்கடி சொல்கிற கதை இது.) சில வாரம் என்று நினைத்தது மூன்று வருடத்தை நெருங்கியது. 1987ல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தடை விதித்தது.

சில பெட்டிப் பழம் நின்றதால் நிறவெறி ஆட்சி விழுந்துவிடவில்லை. அதைச் சாய்த்தது முதலில் அந்நாட்டு மக்களின் போராட்டம். ஆனால் 1985ல் நிறவெறியை எதிர்த்த தென்னாப்பிரிக்க ஆயர் டெஸ்மண்ட் டுட்டுவின் அழைப்பில் இந்தக் கடை ஊழியர்கள் ஜோகன்னஸ்பர்க் போனபோது, விமான நிலையத்தைத் தாண்ட விடவில்லை. ஆயுதம் ஏந்திய போலீஸ் மறித்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பியது. டப்ளினில் கத்தியது அந்த அரசுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.