எண்ணெய் சூடானால் எடை எங்கே போகிறது?

கேள்வி: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 900 கிராம்கூடத் தேறவில்லை. ஏமாற்று வேலையா?

பதில்: ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இராது, அது இயல்பு. ஆனால், எவ்வளவு குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூடு ஏறினால் எண்ணெய் விரிந்து அடர்த்தி குறையும். 21 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில நிறுவனங்கள் 60 டிகிரியில் அளந்ததாக அச்சிட்டு, இந்த 26 கிராமை மிச்சம் பிடித்தன. எந்த வீட்டு அலமாரியில் எண்ணெய் 60 டிகிரியில் இருக்கிறது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் தலையிட்டது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல், கொள்ளளவையும் எடையையும் சரியாக அச்சிடச் சொன்னது. ஆகவே லிட்டரை விடுங்கள், கிராமைப் பாருங்கள். எடை வெப்பத்துக்கு மசியாது. இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போதும் கிராமுக்கு என்ன விலை என்றே கணக்கிடுங்கள்.

கேள்வி: அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமாமே?

பதில்: கணக்கு சரிதான், லாபம்தான் இல்லை. ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. இரண்டு டிகிரி மாறினாலும் ஐந்து லிட்டருக்குப் பத்து மில்லிதான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பங்க்கில் அடர்த்தி என்று ஓர் எண்ணைக் காட்டுகிறார்களே, எதற்கு?

பதில்: கலப்படத்தைக் கண்டுபிடிக்க. சந்தேகம் வந்தால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை ஊற்றி, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரையும் வெப்பமானியையும் இறக்குவார்கள். இரண்டு அளவுகளையும் கொண்டு அட்டவணையைப் பார்த்து, 15 டிகிரிக்குரிய அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். இந்த மாற்றத்தைச் செய்யாமல் வெயில் நேர அளவை அப்படியே ஒப்பிட்டால், நல்ல பெட்ரோல்கூடக் கலப்படம்போலத் தெரியும். கணக்கிட்ட எண் பங்க்கின் பதிவேட்டிலுள்ள அடர்த்தி எண்ணிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயின் நடுவில் குழி விழுகிறது. ஐஸ் கட்டியோ மேடு தட்டுகிறது. ஏன்?

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள்! தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும்போது சுருங்குகிறது; அதனால் குழி. உறைந்த துணுக்குகள் அடியில் தங்குவதும் அதனால்தான். பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான். தண்ணீர்தான் விதிவிலக்கு. 4 டிகிரிவரை குளிரக் குளிர அடர்த்தி கூடும். அதற்குக் கீழே குறையத் தொடங்கும். உறைகையில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. ஃப்ரீசரில் வைக்கும் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள்.