மொட்டை மாடித் தண்ணி: பைப் நிக்கிற உயரத்தைப் பாருங்க

தம்பி, கல்லடி வீட்டு மொட்டை மாடியில மார்கழி மழைக்குத் தண்ணி தேங்கி, கீழ் அறைச் சுவர் ஊறுதெண்டு கேட்டிருந்தீங்க. நீங்க அனுப்பின படத்தில வடிவாத் தெரியுது: கைப்பிடிச் சுவரில விட்ட 2 அங்குலப் பைப்புட வாய், தளத்துக்கு ஒரு அங்குலம் மேல நிக்குது. அந்த ஒரு அங்குலத் தண்ணி எங்க போகும்? சிலாப்புக்குள்ளதான்.

வாழைச்சேனைத் துறைமுகத்துப் பெரிய போட்டுகளைப் பாருங்க. பக்கச் சுவரின் அடியில, தளத்தோட ஒட்டித் துளை இருக்கும். அலை ஏறி விழுந்தாலும் தண்ணி உடனே கடலுக்கே திரும்பிரும்.

அதே மாதிரி மாடியிலயும் மேசனைக் கொண்டு 4 அங்குலப் பைப் போடுங்க. அடிவிளிம்பு தளத்தைவிட ஒரு நூலும் உயரக் கூடாது. வெளியில அரை அடி நீட்டி விடுங்க, இல்லாட்டி சுவரோட வழிஞ்சு திரும்ப ஊறும். தளச் சரிவு 8 அடிக்கு ஒரு அங்குலம் வேணும்.

அந்தப் பைப் அடைபட்டாலும் தண்ணி கூட ஏறாம இருக்க, தளத்துக்கு 2 அங்குலம் மேல இன்னொரு துளையும் வைங்க. 600 சதுர அடியில 2 அங்குலம் தேங்கினா கிட்டத்தட்ட 2,800 லீற்றர், அவ்வளவு பாரம்! மேல் துளையால தண்ணி கொட்டினா, கீழ்ப் பைப்பை வேப்பஞ்சருகு அடைச்சிட்டு எண்டு அர்த்தம்.

வோட்டர்புறூவ் பூசுறதெல்லாம் இதுக்குப் பிறகு.