தர மேலாண்மை மாநாட்டுக்குச் சென்று வந்தால் வேலையில் ஏதாவது மாறுமா?

கேள்வி கேட்டவரை அவருடைய நிறுவனம் முதன்முறையாக ஒரு தர மேலாண்மை மாநாட்டுக்கும், அதையொட்டி நடக்கும் இரண்டு நாள் செயல்முறை மேம்பாட்டுப் பயிற்சிக்கும் அனுப்பவிருக்கிறது. இதற்கு முன் போய் வந்த சக ஊழியர்கள் ஒரு கைப்பையையும் ஒரு சான்றிதழையும் தவிர வேறெதையும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை என்றும், இதனால் உண்மையிலேயே பயன் உண்டா என்றும் அவர் கேட்டிருக்கிறார். உற்பத்தித் துறையின் தரப் பிரிவில் 18 ஆண்டுகளாக வேலை பார்ப்பவன், இத்தகைய மாநாடுகளுக்கு ஐந்து முறை சென்று, அவற்றில் இரண்டிலிருந்து மட்டுமே உருப்படியாக எதையாவது கொண்டுவந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பயன் உண்டு. ஆனால், தன் செயல்முறையின் தரவைக் கையோடு எடுத்துச் செல்பவருக்குத்தான் அது கிடைக்கிறது. வெறும் குறிப்பேட்டோடு போகிறவருக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை.

முதல் மாநாட்டுக்கு நான் குறிப்பேட்டோடுதான் போனேன். மூன்று நாட்களும் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேச்சாளரும் காட்டிய 'முன்பு – பின்பு' பட்டை வரைபடங்களை ஒன்று விடாமல் வரைந்துகொண்டு வந்து, ஒன்பது பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதை வாங்கிக் கோப்பில் வைத்தார். மூன்று வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டைத் திறந்தபோது, நான் எழுதிய சுருக்கெழுத்துகள் எனக்கே புரியவில்லை.

குறிப்பேட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாநாட்டு உரைகளின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. குறைபாடுகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறைப்படி நடந்த ஒரு திட்டத்தைப் பற்றிய உரை என்றால், அது வரையறுத்தல், அளவிடுதல், பகுப்பாய்தல், மேம்படுத்துதல், கட்டுப்படுத்துதல் என்ற ஐந்து கட்டங்களின் வரிசையில்தான் செல்லும். நாற்பது நிமிட உரையில் முதல் நான்கு கட்டங்களுக்கு முப்பத்தெட்டு நிமிடங்கள் போய்விடும். ஐந்தாவது கட்டத்துக்கு ஒரே ஒரு திரைப்பக்கம் மிஞ்சும், அதிலும் 'நிலையான செயல்முறை ஆவணம் திருத்தப்பட்டது' என்ற ஒற்றை வரி இருக்கும். பெரும்பாலான மேம்பாடுகள் கரைந்து போவது அந்த ஐந்தாவது கட்டத்தில்தான் என்பதை இந்த வேலையில் இருக்கும் எவரும் அறிவார். திட்டத்தை நடத்திய பிளாக் பெல்ட் (சிக்ஸ் சிக்மா திட்டங்களை வழிநடத்தப் பயிற்சி பெற்றவர்) வேறு திட்டத்துக்குப் போய்விடுவார், ஷிஃப்ட் மாறும், ஆள் மாறும், ஆறு மாதத்தில் மறுவேலை பழைய அளவுக்கே வந்து நிற்கும். வெற்றிக் கதையாக மேடையேறும் உரை அந்த ஆறாவது மாதத்தைச் சொல்லாது. திட்டம் முடிந்த மறுமாதமே விருதுக்கு விண்ணப்பம் போயிருக்கும்.

எண்களையும் இதே எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 குறைகள் என்ற எண் எல்லா உரைகளிலும் வரும். மோட்டோரோலா நிறுவனத்தில் 1986-இல் சிக்ஸ் சிக்மா உருவானபோது, நீண்ட காலத்தில் செயல்முறையின் சராசரி 1.5 சிக்மா (சிக்மா என்பது திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) வரை நகரக்கூடும் என்று கருதி, மீதமுள்ள 4.5 சிக்மாவுக்கு ஒரு பக்கம் மட்டும் கணக்கிட்டு வந்த எண் அது. நகர்வே இல்லாமல் உண்மையிலேயே ஆறு சிக்மா தொலைவில் ஏற்கத்தக்க அளவின் எல்லை இருந்தால், நூறு கோடிக்கு இரண்டு குறைகள்தான் வரும். இந்த நகர்வு எங்கிருந்து வந்தது என்று ஒரு பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கத் தெரிந்தவரிடம் பயிற்சி பெறுவது வீண்போகாது. "அது தரப்பட்ட மாறிலி" என்று சொல்லிக் கடந்து போகிறவரின் அடுத்த இரண்டு நாட்களும் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

என்னை மாற்றியது ஓர் உரை அன்று, இரண்டாவது மாநாட்டுக்கு முந்தைய நாள் நடந்த பயிற்சிப் பட்டறை. அதில் சிவப்பு மணிச் சோதனையைச் செய்தார்கள். டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் தம் நான்கு நாள் கருத்தரங்குகளில் நடத்திவந்த சோதனை இது. 1950-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் அங்கு சென்று புள்ளியியல் தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரை ஆற்றியவர் அவர். அடுத்த ஆண்டே அங்கு அவர் பெயரில் ஒரு விருது தொடங்கப்பட்டது.

ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழிகள் உள்ள ஒரு பலகையை மணிகளுக்குள் செலுத்தி எடுத்தால் ஐம்பது மணிகள் வரும். வெள்ளை நல்ல பொருள், சிவப்பு குறைபாடு. ஆறு பேர் தொழிலாளிகள், அவர்களில் நானும் ஒருவன். பயிற்றுநர் மேற்பார்வையாளராக நடித்தார். விளையாட்டில் ஒவ்வொரு சுற்றும் ஒரு 'நாள்'. முதல் நாள் என் பலகையில் ஆறு சிவப்பு மணிகள் வந்தன. எல்லோர் முன்னிலையிலும் கைகுலுக்கி, "இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டாம் நாள் பதினான்கு வந்தன. "பாராட்டு தலைக்கு ஏறிவிட்டதா?" என்று கேட்டார். விளையாட்டு என்று தெரிந்திருந்தும் என் முகம் சூடானது; மூன்றாம் நாள் பலகையை மிக மெதுவாக, ஏதோ ஒரு கோணத்தில் சாய்த்து எடுக்க முயன்றேன் என்பதை இப்போதும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அதனால் எதுவும் மாறாது என்று கணக்குத் தெரிந்த எனக்கே அப்படித் தோன்றியது.

பிறகு பயிற்றுநர் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்றால் ஐம்பது மணிகளுக்குச் சராசரி பத்து. திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.83, மூன்று திட்ட விலக்கம் மேலும் கீழும் எடுத்தால் எல்லைகள் 1.5-க்கும் 18.5-க்கும் வரும். அதாவது இரண்டு முதல் பதினெட்டு வரை எந்த எண் வந்தாலும் அது செயல்முறையின் இயல்பான ஏற்ற இறக்கம். தொழிலாளியின் திறமைக்கோ அலட்சியத்துக்கோ அதில் இடமில்லை. ஆறும் பதினான்கும் ஒரே பெட்டியிலிருந்து வந்த ஒரே செய்தி. வால்ட்டர் ஷூவர்ட் 1924 மே மாதம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஒற்றைப் பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் கருத்து இதுதான்: எப்போதும் இருக்கும் பொதுக் காரணங்களையும், திடீரென நுழையும் சிறப்புக் காரணங்களையும் பிரித்தறிய ஒரு கோடு வேண்டும்.

இதை நான் கல்லூரியில் படித்திருந்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். இருந்தும், அந்தப் பட்டறைக்கு ஒரு வாரம் முன்புதான் மாதாந்திர நிராகரிப்புக் கூட்டத்தில், போன மாதத்தைவிட நிராகரிப்பு ஏன் கூடியது என்று ஒரு மேற்பார்வையாளரை எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தேன். அவரும் ஏதோ ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். திரும்பி வந்து இரண்டு ஆண்டு எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது, அந்த மாதம் எல்லைக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தது. மாதாமாதம் காரணம் கேட்டு, மாதாமாதம் காரணம் தயாரிக்கவைத்து, இரு தரப்பும் நேரத்தை வீணடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தின் படிவத்திலிருந்து 'ஏற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தை நீக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின; அந்தப் பட்டறை எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

அதே பட்டறையில், ஒரு புனல் வழியாகக் கோலியைக் கீழே உள்ள குறியை நோக்கி மீண்டும் மீண்டும் விழவைக்கும் புனல் சோதனையும் நடந்தது. குறி தவறிய ஒவ்வொரு முறையும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தித் 'திருத்தினால்' சிதறல் குறையாது, கூடும். திட்ட விலக்கம் சுமார் 1.41 மடங்காகும். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து இயந்திரத்தை உடனே சரிசெய்யும் பழக்கம் உள்ள இடங்களில் இருப்பவர்கள் இதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

பயன் கிடைத்த மற்றொரு மாநாடு நான்காவது. அதற்கு நான் குறிப்பேட்டுக்குப் பதிலாக, எங்களை ஓராண்டாகத் தூங்கவிடாத ஒரு துளை விட்டத்தின் கட்டுப்பாட்டு வரைபடத்தையும் அதன் மூல எண்களையும் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். தேநீர் இடைவேளையில், பணி ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரிடம் அதை நீட்டினேன். காரண–விளைவு வரைபடம், ஐந்து முறை 'ஏன்' கேட்பது என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், விரலால் புள்ளிகளை எண்ணிவிட்டு, "இதை அளந்தது ஒருவரா, இருவரா?" என்று கேட்டார். புள்ளிகள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் படிக்கட்டு போல ஏறி இறங்கியதை நான் வெட்டுக்கருவித் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். அவர் அளவையை முதலில் சந்தேகப்பட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பத்துப் பாகங்களை எடுத்து, மூன்று பேரைக் கொண்டு, ஒருவர் எண்ணை மற்றவர் அறியாதபடி, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்கச் செய்தோம். அளவீட்டு முறைமையின் மாறுபாடு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, முப்பதைத் தாண்டினால் அந்த அளவையை நம்பக் கூடாது என்பது வாகன உதிரிபாகத் தொழிலில் வழக்கமான வரையறை. எங்களுடையது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒருவர் துளை அளவியைச் செங்குத்தாக நிறுத்தி மெல்ல அசைத்துச் சிறும அளவைப் படித்தார். மற்றொருவர் அசைக்காமல், முதலில் நின்ற இடத்திலேயே படித்தார். ஓராண்டாக நாங்கள் திருத்திக்கொண்டிருந்தது இயந்திரத்தை, ஆடிக்கொண்டிருந்தது கை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: போவதற்கு முன், உங்களை உறுத்தும் ஒரே ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது இருபத்தைந்து புள்ளிகளாவது உள்ள வரைபடத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் பாக எண்ணையும் நீக்கிவிட்டு, நிறுவனத்தின் அனுமதியும் பெற்றுவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் தொடக்க உரைகளைவிடச் சிறு அறைகளில் இணையாக நடக்கும் அமர்வுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் அறையில்தான் பேச்சாளர் தோல்வியையும் ஒப்புக்கொள்வார். தரநிலைத் திருத்தங்கள் பற்றிய அமர்வுகள், நீங்களே தணிக்கையாளராகவோ ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைத் தரநிலைக்குப் பொறுப்பாளராகவோ இருந்தால் தவிர, தேவையில்லை. அது அச்சில் வரும்போது படித்துக்கொள்ளலாம். மென்பொருள் விற்பனை அரங்கை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும்.

கடைசி நாளில் ஒரு கருத்துப் படிவம் தருவார்கள்; அதில் எல்லோரும் 'மிக நன்று' என்று குறிப்பார்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளைச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. அந்தப் படிவம் அளப்பது முதல் நிலையை மட்டுமே. மூன்றாவது நிலை உங்கள் மேலாளர் கையில் இருக்கிறது. ஆகவே அறிக்கை எழுதுவதற்குப் பதிலாக, திரும்பிய மறுவாரம் முதல், வாரத்துக்கு அரை நாள் வீதம் இரண்டு மாதம் ஒரு செயல்முறையில் மட்டும் வேலை செய்ய அனுமதி தருவாரா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். வந்த பிறகு கேட்டால் கிடைக்காது, தேங்கிய வேலை காத்திருக்கும்.

இருவரை அனுப்ப நிறுவனம் தயாராக இருந்தால், இன்னொருவராக இயந்திரத்தை இயக்குபவரையே அழைத்துச் செல்லுங்கள். ஐந்தாவது மாநாட்டுக்கு அப்படி ஒருவர் என்னோடு வந்தார். ஓர் உரையின் முடிவில், குறைபாடு எப்படிக் குறைந்தது என்று காட்டிய வரைபடம் திரையில் நின்றபோது, அவர் எழுந்து, "ஐயா, அந்த வரைபடத்தை இப்போது தினமும் யார் வரைகிறார்கள்?" என்று கேட்டார். பேச்சாளர் தம் சக ஊழியரைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சக ஊழியர் கைப்பேசியை எடுத்துத் தொழிற்கூடத்துக்கு அழைத்து விசாரித்துவிட்டு, மதிய உணவின்போது எங்களைத் தேடி வந்து, மார்ச் மாதத்துக்குப் பிறகு யாரும் வரையவில்லை என்று சொன்னார்.