தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: அம்மா, எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். கோயமுத்தூரில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்து ஒரு வருடம் ஆகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஆசை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. சேர்த்துவிடுவதாக ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். மாதம் இரண்டு நாள் போனால் போதுமாம், மூன்று வருடத்தில் 'டாக்டர்' என்று போர்டு வைத்து பேஷண்ட் பார்க்கலாமாம். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனும் "இங்கே எல்லாரும் டாக்டர் பட்டம்தான்" என்கிறார். காலேஜ் மேடமோ எம்.ஃபில். அல்லது சை.டி. (டாக்டர் ஆஃப் சைக்காலஜி) என்கிறார். அப்பா தென்னந்தோப்பை வைத்துக் கடன் வாங்கத் தயார். அப்பத்தா மட்டும் "பைத்தியம் பார்க்கிற படிப்புக்கா இத்தனை காசு?" என்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா, பாலக்காடு

பதில்: அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், அம்மிணி. நானும் வேலந்தாவளம் பக்கத்துக்காரிதான்.

முதலில் அப்பாவிடம் சொல்லிவிடு, தோப்புப் பத்திரத்தை இப்போதைக்கு வெளியே எடுக்க வேண்டாம். அந்த ஏஜென்ட் முழுப்பொய் சொல்லியிருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். பாதி உண்மை சொன்னதுதான் சிக்கல். பி.எச்.டி. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம், காலேஜில் பாடம் எடுக்கலாம், ஆராய்ச்சி செய்யலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பேஷண்ட் பார்க்க அது மட்டும் போதாது. அதற்கு ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் உன் பெயர் ஏற வேண்டும். கவுன்சில் அங்கீகரித்த படிப்பை, அங்கீகரித்த இடத்தில் படித்தால்தான் ஏறும். 1992-ஆம் வருடச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. (ஆயிரம் ரூபாய்! அன்றைக்குப் பெரிய தொகையாக இருந்திருக்கும். இன்றைக்குப் போலி போர்டு வைப்பவர்கள் அதற்கா பயப்படுவார்கள்?) 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் இதே கதைதான். எம்.ஃபில். என்றால் இரண்டு வருடம் முழுநேரம், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய எம்.ஃபில். என்று அது தெளிவாகவே சொல்கிறது. மாதம் இரண்டு நாள் கணக்கு இதில் எங்கே வருகிறது?

உன் அத்தை மகன் சொல்வதும் சரிதான், ஆனால் அது அந்த ஊருக்கு. 1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாட்டில், இந்தத் தொழிலுக்கு வருபவர் ஆராய்ச்சியும் தெரிந்தவராக, வைத்தியமும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் அங்கே கிளினிக்கல் சைக்காலஜி பி.எச்.டி. என்றாலே அதற்குள் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும், ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் அடக்கம். ஆராய்ச்சியைவிட வைத்தியத்துக்கு முதலிடம் தரும் சை.டி.யும் அங்கிருந்து வந்ததுதான். இங்கே நம் பல்கலைக்கழகங்கள் தரும் சைக்காலஜி பி.எச்.டி. ஆய்வுப் பட்டம். ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் அதை வாங்கிவிடலாம். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

உன் மேடம் சொன்னதில் ஒரு திருத்தம். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் யாரும் சேர வேண்டாம் என்று அறிவித்தது. அப்புறம் 2024 ஜனவரியில், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்யாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை கெடு நீட்டினார்கள். அதனால் அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதே. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. நீ சேரும் வருடத்துக்கு, அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பார். போன வருடம் இருந்தது என்பது கணக்கில் வராது. சை.டி. நான்கு வருடம், முழுநேரம், ஆஸ்பத்திரிப் பயிற்சி அதற்குள்ளேயே வரும். நல்ல படிப்புதான், ஆனால் தனியாரில் செலவு கனம். கோழிக்கோட்டில் இம்ஹான்ஸ், சென்னைக்குப் பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நீப்மெட், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று அரசு இடங்களை முதலில் தட்டிப் பார்.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படிப்பில் உருப்படியாக நான் கற்றது எதுவும் புத்தகத்திலிருந்து வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த முதல் கேஸ் ஹிஸ்டரி, அதாவது நோயாளி பற்றிய விவரக் குறிப்பு, எட்டுப் பக்கம், சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் என் மேடம் எழுதியிருந்தார்: "அவர் சொன்னதை எழுது. நீ நினைத்ததை எழுதாதே." அப்படி ஒருவர் இரண்டு வருடம் தோளுக்குப் பின்னால் நின்று திட்டியதால்தான் நான் பிழைத்தேன்.

நான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் நம் பக்கத்துப் பாட்டி ஒருவரை மகன் கூட்டி வந்திருந்தார். இளம் டாக்டர், நல்லவர், மலையாளத்தில் கேட்டார்: "விஷமம் உண்டோ?" மனக்கஷ்டம் இருக்கிறதா என்று அர்த்தம். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாருக்குங்க விஷமம் பண்ணினேன்?" அடுத்து "பேடியுண்டோ?" என்றார். பயம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மகன் எழுந்தே நின்றுவிட்டார். ஃபைலில் என்ன ஏறியது தெரியுமா? எரிச்சல், சந்தேக குணம். மறுநாள் நான் போய் உட்கார்ந்தேன். "ஒரே ரோசனையா இருக்குதுங்க கண்ணு, விடியக்காலம் மூணு மணிக்கே முழிச்சிக்கறேன், சோறு இறங்கமாட்டேங்குது" என்றார். அது சந்தேக குணம் இல்லை. சாதாரண டிப்ரெஷன்.

தமிழ் மீடியம் என்று கடிதத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறாய். எல்லைக்காரிக்கு இரண்டு பாஷையும் காதில் விழும், எது எங்கே இடறும் என்பதும் தெரியும். நேர்முகத் தேர்வில் இதைத் தைரியமாகச் சொல்.

அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம், கேரளத்தில் குதிரவட்டம். கேலி செய்ய இந்த இரண்டு மனநல ஆஸ்பத்திரிப் பெயரையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் போகப்போகச் சரியாவார்.

பி.எச்.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு எண் கையில் வந்த பிறகு செய். இடையில் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால், சேர்ந்ததும் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம், தோப்பும் தப்பிக்கும். நுழைவுத் தேர்வுகளுக்கு ஒரு வருடம் போனாலும் போகட்டும். உன் வயதில் அது பெரிய நஷ்டம் இல்லை.

ஏஜென்ட் மறுபடி வந்தால் மூன்று கேள்வி கேள். இதை முடித்தால் ஆர்.சி.ஐ. பதிவு எண் கிடைக்குமா? எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? என் கேஸ்களைத் திருத்தப்போவது யார்? வாயால் சொன்னால் போதாது, பல்கலைக்கழக லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல். தந்தால் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு.