மடிநோய்: நலமாக நிற்கும் மாடுகளையும் எண்ணுங்கள்

கேள்வி: என்னிடம் 20 கறவை மாடுகள் உள்ளன. இரண்டு வாரத்தில் 8 மாடுகளுக்கு மடிநோய் கண்டுவிட்டது. அவற்றில் 6, புதிதாக வாங்கிய அடர்தீவனம் தின்றவை. தீவனத்தை மாற்றிவிடலாமா? மடிக்குள் ஏற்றும் மருந்து டியூப்களில் எதை ஏற்றினால் சீக்கிரம் குணமாகும்?
— பால் பண்ணையாளர், ஈரோடு மாவட்டம்

பதில்: எட்டில் ஆறு என்றதும் தீவனத்தின் மேல் சந்தேகம் விழுவது இயல்பு. ஆனால் நலமாக நிற்கும் 12 மாடுகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தொலைபேசியில் கேட்ட பிறகுதான், அவற்றிலும் 9 அதே தீவனத்தைத் தின்பது தெரிந்தது. தின்ற 15 மாடுகளில் 6, தின்னாத 5 மாடுகளில் 2 என்றால், இரு பக்கமும் நூற்றுக்கு 40தான். தீவனத்தைக் குறை சொல்ல இந்தக் கணக்கில் இடமே இல்லை. நோயுற்றதை மட்டும் எழுதி வைக்கும் பண்ணையில் நோயின் காரணம் ஒருநாளும் பிடிபடாது. எந்த மாடு எதைத் தின்றது, யார் கறந்தார், எந்த வரிசையில் கறந்தார் என்பதை எல்லா மாடுகளுக்கும் நோட்டில் எழுதுங்கள்.

கறவை முறையைக் கேட்டபோது கணக்கு வேறாக வந்தது. இயந்திரத்தில் கறக்கும் 10 மாடுகளில் 7க்கு நோய். கையால் கறக்கும் 10இல் ஒன்றுக்கு மட்டுமே. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு வழக்கமான கை-வர்க்கப் (chi-square) புள்ளியியல் சோதனையை நம்ப முடியாது என்பதால், சிறு எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் போட்டுப் பார்த்தேன். இயந்திரத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால், இத்தனை ஏற்றத்தாழ்வு தற்செயலாக வர ஏறக்குறைய நூற்றுக்கு 2 வாய்ப்புதான் உண்டு. இதையே தீர்ப்பாகவும் கொள்ளக்கூடாது. அதிகம் கறக்கும் மாடுகளையே இயந்திரத்துக்கு ஒதுக்கியிருந்தால் கறவை அளவே காரணமாக இருக்கலாம். ஒத்த அளவு கறப்பவற்றை மட்டும் எடுத்து மறுபடி ஒப்பிடுங்கள்.

இன்றைக்கே இயந்திரத்தில் காம்பைக் கவ்வும் ரப்பர் உறைகளைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ சொரசொரப்போ தட்டுப்பட்டால், அங்கே தங்கும் கிருமி ஒரு காம்பிலிருந்து அடுத்த மாட்டின் காம்புக்குப் போகிறது. உறைகளைச் சுமார் 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரே கொத்தில் (ஒரு மாட்டின் நான்கு காம்புகளுக்கான உறைத் தொகுதியில்) 10 மாடுகளை இரு வேளையும் கறந்தால் நான்கு மாதத்தில் அது வந்துவிடும்.

டியூப் விஷயத்தில் மருந்துக்கடைக்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள். பால் மாதிரிகூட எடுக்காமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது வைத்தியம் அல்ல, வியாபாரம். முதல் டியூப் ஏறுவதற்கு முன்பே பால் மாதிரி எடுத்து, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் உணர்திறன் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாதிரி எடுத்தபின், முடிவுக்குக் காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். நோயுற்றவற்றைக் கடைசியில் கறந்து, ஒவ்வொரு கறவைக்குப் பிறகும் எல்லா மாடுகளின் காம்புகளையும் போவிடோன் அயோடின் கரைசலில் நனையுங்கள். நலமாகத் தெரியும் 12 மாடுகளுக்கும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை செய்து முடிவை எழுதுங்கள். அவற்றில் மறைநோய், அதாவது வெளியே அறிகுறி தெரியாத மடிநோய், இருந்தால் மேலே போட்ட கணக்கையே திருத்த வேண்டும்.