பாதி விலை ஷூவும் மருத்துவாழ்மலை இறக்கமும்

கேள்வி: அண்ணாச்சி, போன ஆடித் தள்ளுபடியில் நாகர்கோவில் கடை ஒன்றில் மலையேறுகிற ஷூ எடுத்தேன். 3,800 ரூபாய் போட்டிருந்தது, 1,900-க்குக் கிடைத்தது. பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து மருத்துவாழ்மலைக்குத்தான் முதன்முதலாகப் போட்டேன். ஏறும்போது ஒன்றுமில்லை. மேலே சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கும்போது வலது கால் சோல் வாய் பிளந்தது, கொஞ்ச நேரத்தில் இடதும். உள்ளே பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாக உதிர்கிறது. கடைக்காரர், "ஆஃபர் சரக்குக்கு கியாரண்டி கிடையாது, பில்லிலேயே அச்சடிச்சிருக்கு" என்கிறார். ஒட்டிப் போட்டுக்கொள்ளவா?
– வாசகர், தக்கலை

பதில்: ஒட்டாதீர்கள் தம்பி. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துப் பசை தடவிவிட்டால் உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி அழிந்துவிடும். உதிர்ந்த பொடியையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷூவில் தரையைத் தொடுகிற ரப்பருக்கும் உங்கள் பாதத்துக்கும் நடுவே மெத்தை போல ஓர் அடுக்கு உண்டு. மலையேறும் ஷூக்கள் பலவற்றில் அது பாலியூரித்தேன். நன்றாக அதிர்ச்சி தாங்கும், கனத்தோடு நடந்தாலும் சப்பிப் போகாது. ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் பொருளின் கட்டமைப்பை மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே இருக்கும். காலில் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இது நிற்காது. நம் கன்னியாகுமரி மாவட்டமோ ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். அலமாரியில் தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கிறதைப் பார்க்காத வீடு இங்கே உண்டா? அந்த ஈரம்தான் ஷூவையும் தின்றது. வெளியே புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். ஏறும்போது பெரும்பாலும் முன்பாதத்தில்தான் பாரம் விழுகிறது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் குதிகால் முழு எடையோடு மோதுகிறது. அதனால்தான் உங்கள் ஷூ போகும்போது சும்மா இருந்துவிட்டு வரும்போது காலை வாரியது.

இனி வழக்குக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். அதுதான் உங்கள் துருப்புச்சீட்டு. சாதாரணமாக எட்டு மாதத்தில் புது பாலியூரித்தேன் இப்படிப் பொடியாகாது. வாங்கிய தேதிக்கு நாலைந்து வருடம் முந்தைய சரக்கு என்றால் குறை விற்கும்போதே அதற்குள் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். தயாரித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றாலும், அது தயாரிப்பின் குறை என்று கம்பெனியையும் சேர்த்துக் கேட்கலாம். பெட்டியைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால்தான் சிரமம். ஷூ நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கிற லேபிளில் சில கம்பெனிகள் தேதி போடுவார்கள், அங்கே பாருங்கள்.

"ஆஃபர் சரக்குக்கு கியாரண்டி இல்லை" என்ற அச்சு கடைக்காரருக்குக் கவசம் ஆகாது. கலர் பிடிக்கவில்லை, மச்சானுக்குச் சேரவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் அந்த வரி செல்லும். பொருளிலேயே பழுது இருந்தால் செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் பழுதான பொருளை விற்றதற்காகப் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பில் நகல், படங்கள், பெட்டித் தேதி எல்லாம் வைத்து, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். பல விவகாரங்கள் இந்த இரண்டிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. தேவைப்பட்டால் ஆணையமே ஷூவைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். ஒட்டாதீர்கள் என்று நான் முதலிலேயே சொன்னது அதற்காகத்தான்.

அடுத்த ஷூ வாங்கும்போது, பெருவிரலால் அந்த நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்போ, பிசுபிசுப்போ இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் மலைக்குப் போகிறவர்கள் ஈ.வி.ஏ. என்ற பொருளில் நடு அடுக்கு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். சீக்கிரம் தட்டையாகிவிடும், ஆனால் ஈரத்தில் பொடியாகாது. சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகிற அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். குதிகாலை உள்ளே ஒட்டவைத்தால் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையின் சமதளத்தில் இது தெரியவே தெரியாது. மாடிப்படி இருந்தால் இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் போய் இடித்தால் ஒரு சைஸ் கூட்டுங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் வாங்கி, மருத்துவாழ்மலையிலிருந்து இறங்கியபின் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. மேலே பிள்ளைத்தடம் குகை, நாராயண குரு தவம் இருந்த இடம், அங்கே உட்கார்ந்திருந்தபோது அவ்வளவு சந்தோஷம். கிழக்கே கடல், இந்தப் பக்கம் காற்றாடி காற்றாடியாக நிற்கிற சமவெளி. அந்தச் சந்தோஷத்தில் பாதி இறக்கத்தில் போயிற்று.

கேள்வி: மலை அடிவாரத்தில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 30-க்கு விற்கிறார்கள். கேட்டால் "ஏத்துக்கூலி" என்கிறார்கள். சரியா?
– வாசகி, கொட்டாரம்

பதில்: சரியில்லை அம்மா. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்தான். தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றுக்கு அச்சு விலை கிடையாது. சுமந்து வந்து விற்கிற பாட்டிக்குக் கூடுதல் கொடுக்க உங்கள் மனம் விரும்பினால் அங்கே தாராளமாகக் கொடுங்கள். தண்ணீர் மட்டும் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அந்தக் காலி பாட்டிலும் மலையில் கிடக்காது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, காட்டுக்குள் உள்ள ஒரு சிகரத்துக்கு நடைப்பயணம் என்று ஆளுக்கு 2,500 வீதம் நான்கு பேர் பணம் கட்டினோம். வனத்துறை செக்போஸ்ட்டில் அனுமதி இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடத்தியவர் "ரீஃபண்ட் கிடையாதுன்னு முன்னாடியே சொன்னேனே" என்கிறார்.
– வாசகர், குலசேகரம்

பதில்: செக்போஸ்ட்டில் திருப்பியவர் உங்களுக்கு நன்மைதான் செய்தார். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போனால் நடத்தியவர்மேல் மட்டுமல்ல, உங்கள்மேலும் வழக்கு வரும்.

பணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அனுமதி இருக்கிறது என்று அவர் சொல்லியோ எழுதியோ இருந்தால், இல்லாத சேவையை இருப்பதாகக் காட்டி விற்றிருக்கிறார். ரீஃபண்ட் கிடையாது என்ற நிபந்தனை, நீங்கள் வராமல் போனால் பேசலாம். அவரால் நடத்த முடியாதபோது அதைச் சொல்லித் தப்ப முடியாது. விளம்பரப் படம், உரையாடல், யு.பி.ஐ. ரசீது எதையும் அழிக்காதீர்கள். அனுமதி இல்லை என்று தெரிந்தே போயிருந்தால் மட்டும் உங்கள் பக்கம் பலவீனம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிமேல் பணம் கட்டுமுன் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். தர யோசித்தால் விட்டுவிடுங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இணையப் பதிவில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன, வழிகாட்டியோடு. அதில் நம் காளிகேசம் பக்கமும் உண்டு. காட்டுத்தீ பயத்தால் கோடையில் மூடுவார்கள், அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி: எனக்கு 56 வயது, முழங்கால் வலி உண்டு. தவக்காலத்தில் பத்துகாணி வழியாகக் குருசுமலை ஏற ஆசை. ஆன்லைனில் மலையேறும் கோல் ஜோடி 700-க்கும் இருக்கிறது, 3,000-க்கும் இருக்கிறது. எதை வாங்க?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அக்கா, முழங்காலுக்கு முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் போகலாம் என்றால் கோல் நிச்சயம் உதவும், அதுவும் இறக்கத்தில்.

விலையைவிடப் பூட்டைப் பாருங்கள். நீளம் கூட்டிக் குறைக்க, முறுக்குகிற பூட்டு ஒரு வகை, வெளியே மடக்கி அழுத்துகிற பூட்டு இன்னொரு வகை. விலை குறைந்த கோல்களில் பெரும்பாலும் முறுக்குப் பூட்டுதான். மணலும் வியர்வையும் பட்டால் அது வழுக்கும், நீங்கள் சாய்ந்த நேரம் பார்த்துக் கோல் உள்ளே இறங்கிவிடும். மடக்குப் பூட்டு உள்ள அலுமினியக் கோல் போதும், கார்பன் வேண்டாம். அலுமினியம் வளையும், கார்பன் பட்டென்று ஒடியும். வந்ததும் நீளத்தைப் பூட்டி, வீட்டுத் திண்ணையில் உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். சறுக்கினால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பெட்டி பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

முனையில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், பாறையில் வெறும் இரும்பு முனை வழுக்கும். ஏறும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்குகிற நீளம், இறங்கும்போது அதைவிட நாலு விரற்கடை கூட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கைக்கு எட்டாவிட்டால் நெஞ்சுயரத்துக்கு ஒரு நல்ல மூங்கில் கம்பு வெட்டி, அடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். 700 ரூபாய்க் கோலை நம்புவதைவிட அதை நான் நம்புவேன்.